ஆவுடை தொடாத டப்பாக் கணக்கு

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க. மிதிச்சிருவீங்கன்னு சொல்லல. ஆக அடியில இருக்கு பாருங்க ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ளதான் பால்சட்டி இருக்கு. எட்டுப் பெட்டியும் நம்மதுதான். கோயில்பட்டியில ஏத்தும்போதே கண்டக்டர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "என்னய்யா, வீட்டையே காலி பண்ணிட்டு வாரியா"ன்னாரு. ஆமாம்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சாரு.

எழுத்தைப் பாக்கீங்களா? மார்க்கர்ல நான்தான் போட்டேன். மேல எச், அதுக்குக் கீழ பி, அப்புறம் எஃப், ஏ, ஜி, சி, ஈ, கடைசியா டி. ஏன் ஏ, பி, சின்னு வரிசையா அடுக்கலைன்னு கேக்கீங்க. கேக்கணும். இந்தப் பஸ்ல இத்தன பேர் இருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க. இது ஒரு கணக்கு அண்ணாச்சி. பேங்க் பரிச்சையில டப்பாக் கணக்குன்னு ஒண்ணு வரும். எட்டு டப்பா ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும். எது எங்க இருக்குன்னு நேரடியாச் சொல்ல மாட்டான் படுபாவி. ஏ-க்கும் டி-க்கும் நடுவுல மூணு டப்பாம்பான். எச்சுக்கும் எஃப்புக்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணும்பான். ஜி, ஏ-க்கு ஒட்டுனாப்ல கீழம்பான். நாம அதையெல்லாம் வச்சி மேலருந்து கீழ வரைக்கும் அடுக்கிக் காட்டணும். அடுக்கிட்டா பேங்க்ல வேல. பேங்க்ல போய் டப்பாவா அடுக்கப் போறோம்னு கேக்காதீங்க. அதை எங்க மாமனார் ஏழு வருசமாக் கேட்டுட்டாரு.

என் பேரு முப்புடாதி. ஊரு சங்கரங்கோயில். பொண்டாட்டி பேரு ஆவுடைச்செல்வி. விளாத்திகுளத்துல பேங்க்ல இருக்கா. ஆமா, பேங்க்லதான். ஏழு வருசம் படிச்சவன் நான், வேல அவளுக்கு. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சிக்கிடுங்க, ஊரே சிரிச்சு முடிச்சிட்டு.

இன்னைக்கு அவ புது வாடகை வீட்டுல பால் காய்ச்சுதா. பதினோரு மணி வரைக்கும் நல்ல நேரம். அஞ்சு மாசமா லேடீஸ் ஹாஸ்டல்ல கிடந்தா, நான் ஒரு தடவகூட எட்டிப் பாக்கல. வர மாட்டேன்னுட்டேன். முந்தாநாள் போன் பண்ணி, "அத்தான், சாமானை எடுத்துட்டு வாங்க. வந்து இருந்தா ரெண்டு பேரா இருப்போம். எறக்கிப் போட்டுட்டுப் போறதுன்னா போங்க, நான் ஒத்தையா இருந்துக்கிடுதேன். இனிமே கூப்பிட மாட்டேன்"ன்னா. கோவமாச் சொல்லல பாத்துக்கிடுங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த பேசிச் சமாளிச்சிருப்பேன். சாதாரணமாச் சொன்னா.

ஆனா நானும் முடிவு பண்ணிட்டேன். பஸ் ஸ்டாண்டுல எட்டையும் எறக்குதேன், அவ கையில ஒப்படைக்கேன், எதிர்த்தாப்ல வாற பஸ்ஸப் பிடிச்சு வந்துக்கிட்டே இருக்கேன். எனக்கும் ரோசம் இருக்கும்லா. நீங்களே கேட்டுட்டு ஞாயத்தச் சொல்லுங்க.

ஆவுடை வேற யாரும் இல்ல, என் தாய்மாமன் மகதான். மாமாவுக்குத் தேரடியில செருப்புக் கடை. எனக்குப் பொண்ணு குடுக்கும்போது, மாப்ள ஒரு வருசத்துல பேங்க்ல உக்காந்திருவான்னு மாமா நெனச்சாரு. நான் ஆறு மாசம்னு நெனச்சேன். அதுவரைக்கும் தனிக்குடித்தனம் எதுக்குன்னு மாமா வீட்டுலேயே தங்குனோம். ஏழு வருசம் தங்கியாச்சு. கடைக்குப் பின்னால சரக்கு வைக்கிற ரூமு உண்டு, அதுதான் எனக்குப் படிப்பு ரூமு. மூணு பக்கமும் செருப்பு டப்பா, நடுவுல நான், என் மடியில டப்பாக் கணக்கு. அந்த ரப்பர் வாடைய மோந்து மோந்து, ஒரு தடவ கோயில்ல சாம்பிராணி வாடையப் பிடிக்காம வெளிய வந்துட்டேன்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு அண்ணாச்சி. எடுத்த கணக்க விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன். கோச்சிங் சென்டர்ல ஒரு வாத்தியார் இருந்தாரு, வாயத் தொறந்தா "விட்டுட்டுப் போ, விட்டுட்டுப் போ"ம்பாரு. ஒரு கணக்கு மூணு நிமிசத்துல மடியலைன்னா அடுத்ததுக்குத் தாவிரணுமாம். பேடிப்பய பேச்சு. நான் எந்திரிச்சுக் கேட்டேன், "சார், கட்டுன பொண்டாட்டி மூணு நிமிசத்துல மடியலைன்னா விட்டுட்டுப் போயிருவீங்களா"ன்னு. கிளாஸே சிரிச்சுது. அவரு மட்டும் சிரிக்கல. அவரு சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு வருசம் ஆயிருக்கு. எனக்கென்ன தெரியும்?

என் கொழுந்தியா கல்யாணத்துல தாலி கட்டுததையே நான் பாக்கல. மண்டபத்துல டைனிங் ஹாலுக்குப் போற படியில உக்காந்து பத்து டப்பாக் கணக்கு ஒண்ணு போட்டுக்கிட்டிருந்தேன். அந்தக் கணக்குல ரெண்டு வழி வரும். கேஸ் ஒண்ணு, கேஸ் ரெண்டும்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரஞ்சு, எது இடிக்கோ அத அடிச்சிறணும். எனக்கு ரெண்டும் இடிக்கல. கெட்டி மேளம் கேக்குது, எல்லாரும் அட்சதையத் தூக்கி எறியுதாங்க, நான் கேஸ் ரெண்டுல இருக்கேன். ஆவுடை வந்து, "அத்தான், மொய் எழுதவாவது வாங்க"ன்னா. "அஞ்சு நிமிசம்"ன்னேன். பந்தி முடிஞ்சுதான் போனேன். ஆனா கணக்கு முடிஞ்சுது. அதுதான் முக்கியம்.

ஆவுடை என்ன செய்வா தெரியுமா? இவளுக்குக் கேஸ் ஒண்ணும் கிடையாது, ரெண்டும் கிடையாது. கடையில வளந்தவ. ஆளு வந்து ஏழாம் நம்பர்ல பிரவுன் கேட்டா, பன்னெண்டு டப்பா அடுக்குல ஒம்பதாவத உருவுவா, மேல உள்ளது அசையாது. ஒரு நாள் நான் கணக்கோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். "என்னத்தான் அது, மூணு நாளா முக்குதீங்க, வாசிங்க பாப்போம்"ன்னா. போனாப் போகுதுன்னு வாசிச்சேன். எட்டு ஷூ டப்பாவ எடுத்தா, சாக்பீஸால எழுத்தப் போட்டா, கவுண்டர்ல வச்சு மாத்தி மாத்தி அடுக்குனா. நடுவுல ரெண்டு பேருக்கு ஹவாய் செருப்பு வேற வித்தா. "இந்தாங்க"ன்னா. சரியாத்தான் இருந்துது. குருட்டாம்போக்குல வந்திருக்கும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் தெனமும் இதே சோலியாப் போச்சு. ஒரு தடவ பாதி அடுக்கியாச்சு, ஒரு டீச்சரம்மா வந்து பையனுக்குக் கறுப்பு ஷூ வேணும்னு எஃப் டப்பாவ வாங்கிட்டுப் போயிட்டாங்க. உள்ளருந்து நான் கத்துதேன், "ஏட்டி, எஃப் எங்க?" "வித்துப்போச்சு அத்தான்!" "எஃப் இல்லாம எப்படிட்டி கணக்குப் போட?" "எஃப் எங்க இருக்கணும்னுதான் தெரியும்லா, அந்த எடத்தக் காலியா விடுவோம்"ன்னா. "டப்பா என்ன அந்தரத்துலயா நிக்கும், கோட்டி"ன்னேன். சொன்னா நம்ப மாட்டீங்க, எஃப் இருக்க வேண்டிய எடத்துல கைய நீட்டி, மேல இருக்க ரெண்டு டப்பாவயும் கையிலயே தாங்கிக்கிட்டு, "இப்பச் சொல்லுங்க, அடுத்தது என்ன"ன்னு கேக்கா. மாமா பாத்துட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாரு. "ஒரு கிறுக்கனுக்குக் குடுத்தேன், இப்ப ரெண்டு கிறுக்கு ஆயிட்டு"ன்னாரு.

சரி, இவ எப்படிப் பரிச்ச எழுதுனான்னு கேளுங்க. அதுக்கும் நான்தான் காரணம். பி.காம் தபால்ல முடிச்சிருந்தா. பரிச்ச முடிஞ்சதும் எங்க ஆளுக எல்லாம் வாசல்ல கூடி நின்னு, எந்தக் கேள்வி வந்துதுன்னு ஞாபகத்துலருந்து எழுதுவோம். பேப்பரை வெளிய விட மாட்டான்லா, அதனால தலையில ஏத்திட்டுத்தான் வரணும். எனக்குக் கணக்குப் போடுத மும்முரத்துல ஒரு கேள்வி ஞாபகம் இருக்காது. அதனால யோசிச்சேன். ஆவுடை பேருலயும் ஒரு அப்ளிகேசனப் போட்டேன். "நீ ஒண்ணும் எழுத வேண்டாம். சும்மா உக்காந்து கேள்விய மட்டும் மனசுல வாங்கிட்டு வா, அடுத்த பரிச்சைக்கு எனக்கு ஆகும்"ன்னேன். சரின்னா. சும்மா உக்காரச் சொன்னா சும்மா உக்காரணுமா இல்லையா? மொதப் பரிச்ச பாஸாயிட்டா! நானும் பாஸானேன், அத யாரு பேசுதா.

மெயின் பரிச்ச திருநவேலியில. எனக்கு அதுதான் கடைசி. வயசு முப்பத்தி ஒண்ணு முடியப் போகுது, அதுக்கு மேல அப்ளிகேசனே வாங்க மாட்டான். வீரவநல்லூர்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, காலையில ரெண்டு பேருமா இட்லி தின்னுட்டுப் போனோம். அவ கையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சிருந்தா. எனக்காம்.

ரீசனிங்குக்கு நாப்பத்தஞ்சு நிமிசம், மொத்தம் அறுபது மார்க்கு. ஆறாவது கேள்வியிலயே வந்துட்டு அண்ணாச்சி, டப்பாக் கணக்கு. அஞ்சு கேள்வி, பத்து மார்க்கு. எட்டு டப்பா, எட்டுக்கும் எட்டு நெறம், எட்டு ஊரு. இப்படி ஒரு கணக்க நான் ஏழு வருசத்துல பாத்ததில்ல. பக்கத்துல இருந்த பயலுக எல்லாரும் மவுஸத் தட்டி டொக்கு டொக்குன்னு தாண்டிப் போறானுக. நான் போகல. இருடி, உன்னைய ஒரு கை பாப்போம்னு உக்காந்துட்டேன். முப்பத்தி நாலு நிமிசம் ஆச்சு. மடிச்சிட்டேன்! எச், பி, எஃப், ஏ, ஜி, சி, ஈ, டி. இந்தா, இந்த அடுக்குதான், உங்க கால்மாட்டுல நிக்கே இதுதான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுட்டு.

மடிச்சவன் ஒடனே பதில அமுக்கி சேவ் பட்டனத் தட்டியிருக்கணும். தட்டியிருப்பேன். ஆனா ரஃப் தாள்ல போட்ட கட்டம் கோணலா இருந்துது. இவ்வளவு பெரிய கணக்கு, கோணலா இருக்கலாமா? திருப்பி ஒழுங்காப் போட்டேன். ஒரு தடவ சரி பாத்தேன். இன்னொரு தடவ சரி பாத்தேன். மவுஸத் தொடுதேன், கம்ப்யூட்டர் தானா மூடிக்கிட்டு. நேரம் முடிஞ்சிட்டாம். அஞ்சு பதிலும் என் தாள்ல இருக்கு, அவன் மெசின்ல இல்ல. தாளையும் வாங்கிட்டான் களவாணிப்பய. மத்த பாடத்துல எல்லாம் அள்ளியிருந்தேன், முக்கா மார்க்குல போச்சு அண்ணாச்சி. அஞ்சுல ஒண்ணத் தட்டியிருந்தாப் போதும். ஊர்ல நான் நெட்வொர்க் பிரச்சனன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்க வெளியாளு, உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன.

வெளிய வந்தா ஆவுடை வேப்பமரத்துக்குக் கீழ நிக்கா. "அந்த டப்பாக் கணக்கப் பாத்தியா"ன்னேன். "எது, ஊரு பேரெல்லாம் போட்டு வந்துச்சே அதா? நான் தொடவே இல்ல அத்தான். பாத்தாலே மலைப்பா இருந்துது, விட்டுட்டுப் போயிட்டேன். நீங்க?" "மடிச்சிட்டேன்"ன்னேன். அவ மொகத்தப் பாக்கணுமே! "அதானே பாத்தேன். அத உங்களால மட்டுந்தான் முடியும்"ன்னா.

ரிசல்ட்டு வந்துது. அவ நம்பர் இருந்துது, என் நம்பர் இல்ல. மாமா லட்டு டப்பாவோட கடை கடையாப் போனாரு. என் பக்கம் வந்ததும் ஒரு லட்ட எடுத்து, என் மூஞ்சியப் பாத்துட்டு, பாதியாப் பிச்சுக் குடுத்தாரு. முக்கா மார்க்குல போனவனுக்கு முக்கா லட்டாவது குடுக்க வேண்டாமா? அன்னைக்கு ஆரம்பிச்சேன். டீக்கடையில சொன்னேன், முடி வெட்டுத எடத்துல சொன்னேன், அவ அக்கா மாப்ள வந்தப்போ சொன்னேன், "கணக்கப் போட்டவனுக்கு வேல இல்ல, விட்டுட்டு ஓடுனவளுக்கு வேல"ன்னு. அவ பக்கத்துலதான் நிப்பா. "ஆமா, அத்தான் போட்டதத் தமிழ்நாட்டுல யாரும் போட்டிருக்க மாட்டாங்க"ம்பா. அவளே ஒத்துக்கிட்டா அண்ணாச்சி! அப்புறம் எந்த மூஞ்சியோட நான் அவ சம்பளத்துல போயி உக்காருவேன்? வேலைக்குப் போறப்போகூட நான் பஸ் ஏத்திவிடப் போகல. உள்ள ரூம்ல இருந்தேன். ஒரு கணக்கு பாதியில இருந்துது. பரிச்சையே இல்ல, இருந்தும் பாதியில இருந்துது.

என்ன? அவளுக்கு எவ்வளவு மார்க்கா? அது தெரியாது. நான் பாக்கல. பாஸுன்னா பாஸு, அதுல என்ன பாக்க. இந்தா மடியில இருக்கே நீல ஃபைலு, இதுக்குள்ளதான் அவ பேப்பரெல்லாம் இருக்கு. "பெட்டியில போடாதீங்க அத்தான், கையிலயே வச்சிக்கிடுங்க"ன்னு நாலு தடவ சொன்னா. பாக்கணுமா? சரி, உங்களுக்காகப் பாப்போம். பொழுது போகணும்லா.

ஆதார்... டிகிரி... ஆங், இதுதான். இங்கிலீஷு பரவால்ல. பொது அறிவு சுமார். செருப்புக் கடையில இருந்துக்கிட்டு என்ன பொது அறிவு வரும். ரீசனிங்கு... ஐம்பத்தி மூணு.

இருங்க. ஐம்பத்தி மூணா? நீங்க பாருங்க அண்ணாச்சி, உங்க கண்ணாடியப் போட்டுப் பாருங்க. ஐம்பத்தி மூணுதான?

அறுபதுல அந்தக் கணக்குக்குப் பத்து. அதத் தொடாம விட்டா மிச்சம் அம்பது. மத்த எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சரியாப் போட்டாலும் அம்பதுக்கு மேல வராது. இங்க ஐம்பத்தி மூணு போட்டிருக்கு. மூணு எங்கருந்து வந்துது?

வராது. எந்தக் கேஸுலயும் வராது. தொடாம வராது.

தொட்டிருக்கா. அண்ணாச்சி, அவ தொட்டிருக்கா! மத்த எல்லாத்தையும் முடிச்சிட்டுத் திரும்பி வந்து அதையும் போட்டிருக்கா. போட்டுட்டு வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து, தொடவே இல்லைன்னு சொல்லியிருக்கா. நான் எட்டு மாசமா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கேன், வேலைக்குப் போற வரைக்கும் அவ பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலைய ஆட்டியிருக்கா. "எங்கப்பா வீட்டுலதான சும்மா உக்காந்து தின்னீங்க"ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நானும் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நொறுங்கிப் போயிருப்பேன். சொல்லல. அன்னைக்கு எஃப் டப்பாவுக்குக் கையக் குடுத்துத் தாங்குனா பாருங்க, எட்டு மாசமா அப்படியே நின்னிருக்கா. நான் ஒரு எருமமாடு. தொடச்சிக்கிடுதேன், ஒண்ணும் இல்ல. சன்னல மூடுங்க, தூசி.

என்னது, விளாத்திகுளமா? வந்துட்டா? கண்டக்டர் அண்ணே, நிப்பாட்டுங்க, விசிலப் போட்டுறாதீங்க, எட்டுப் பெட்டி இருக்கு! மணி என்ன? பத்து அம்பதா? அண்ணாச்சி, ஒரு கை குடுங்க. எச்-ச விடுங்க, பி-ய விடுங்க, அந்த டி-ய மொதல்ல உருவுங்க, அதுலதான் பால்சட்டி. மேல உள்ளது சரிஞ்சாச் சரியட்டும், அடுக்கு கலஞ்சாக் கலையட்டும், சவத்த! அந்தா நிக்கா பாருங்க, ஆட்டோவுக்குப் பக்கத்துல, மெலிஞ்சு போயிருக்கா. நம்ம பஸ்ஸத்தான் பாக்கா. ஏட்டி ஆவுடை! இந்தா, வந்துட்டேன், வந்துட்டேன்!

எதிர்த்த பஸ்ஸா? எந்த எதிர்த்த பஸ்ஸு? அண்ணாச்சி, அறுபதுல ஏழு மார்க்க விட்டிருக்கா. எங்க விட்டா, எதுக்கு விட்டா, எல்லாத்தையும் உக்காத்தி வச்சுக் கேக்கணும்லா. அது கேட்டு முடிய எத்தன வருசம் ஆகுமோ. எடுத்த கணக்க விடுத பழக்கம் நமக்குக் கிடையாது பாத்துக்கிடுங்க. வாரேன்.